மழைத் தண்ணீரும் வண்டிச் சக்கரமும்

மும்பையில் வாழும் நம் அங்கத்தினர்களில் பலர் இன்று சொந்தக் கார் வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் கழிந்து தீபாவளி நெருங்கியதும் குழந்தைகளுடன் அதிலேயே ஊருக்குப் புறப்படுவோரும் உண்டு. திருநெல்வேலி வரை 1,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பிரயாணம் அது. அத்தகைய அன்பர்களுக்குச் சக்கரத்தின் பேரிங்கைப் பற்றி இம்மாதம் சில வார்த்தைகள் கூற விழைகிறோம்.

2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பேரிங் கெடுவதற்கு அத்தகைய பிரளயம் வேண்டியதில்லை. மழை வலுத்தால் அந்தேரி சப்வேயில் தேங்கும் தண்ணீரே போதும். வெகுதூரம் ஓடிய சக்கரத்தின் குடம் சூடேறியிருக்கும். அது திடீரெனக் குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீலின் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடலில் படகு இறக்கும் இழுவண்டிகளின் பேரிங்குகள் அற்பாயுளில் மடிவதும் இக்காரணத்தாலேதான். நீர் கலந்த கிரீஸ் பால்போல் வெளுத்து வலுவிழக்கும். எஃகுக் குண்டுகளில் துருவும் குழியும் தோன்றும். மழையில் நுழைந்த நீரின் விளைவு சில மாதங்கள் கழித்தே வெளிப்படுவதும் உண்டு.

நோயை அறியும் வழிகள் எளியவை. வேகம் கூடக்கூட வளரும் ஓர் இரைச்சல் முதல் அறிகுறி. இடப்பக்கம் திரும்புகையில் அது மிகுந்தால் வலப்பக்கச் சக்கரத்தைச் சந்தேகிக்க வேண்டும். திருப்பத்தில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின்மீது சாய்வதே காரணம். அடுத்து, சமதரையில் மற்றச் சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, ஜாக்கியால் ஒரு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். ஆட்டம் இருந்தாலோ, சுழற்றும்போது கரகரப்புத் தென்பட்டாலோ மெக்கானிக்கிடம் காட்டுவது அவசியம்.

மூன்றாவது சோதனை உஷ்ணம். இரயில் வண்டி நிலையத்தினுள் நுழைகையில் ஊழியர்கள் தண்டவாளத்தின் அருகே அமர்ந்து ஒவ்வொரு சக்கரத்தையும் கூர்ந்து நோக்குவதை அன்பர்கள் கண்டிருக்கலாம். வண்டி நின்றதும் அச்சுப்பெட்டிகளின் சூட்டையும் கருவியால் அளந்து பார்ப்பார்கள். ஒன்று மட்டும் மற்றவற்றினும் மிகச் சூடாயிருந்தால் அதுவே ஆபத்தின் அடையாளம். நம் காருக்கும் இம்முறை பொருந்தும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின், தொடாமல், குடத்தினருகே புறங்கையை நீட்டி இடவலச் சக்கரங்களை ஒப்பிட வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் சூடேறும். ஜாக்கியில் தூக்கிச் சுழற்றினால் அது புலப்பட்டுவிடும்.

பேரிங்கை மாற்றும்போது கவனிக்க வேண்டியவையும் உள. சீல் பழையதாகவே இருந்தால் புதிய பேரிங்கும் அதே கதியை அடையும். சுத்தியலால் கண்ட இடத்தில் அடித்துப் பொருத்தினால் குண்டுகள் ஓடும் பாதையில் வடு விழும். அழுத்திப் பொருத்தும் கருவி உள்ள பட்டறையையே நாடுக. இக்காலக் கார்கள் பலவற்றில் பேரிங் முழுவதும் மூடப்பெற்று வருகிறது. அதற்குக் கிரீஸ் இடுவதற்கில்லை, பழுதானால் மாற்றவேண்டியதே. வண்டியைக் கழுவுகையில் அழுத்த நீரைக் குடத்தின்மீது நேரே பாய்ச்சலாகாது. அளவுக்கு மிஞ்சிய சுமையும் பேரிங்கின் ஆயுளைக் குறைக்கும்.

அச்சுக்கு மை இடாமல் நெடுவழி புறப்படும் வழக்கம் நம் ஊர் வண்டிக்காரரிடம் இருந்ததில்லை. பேரிங் இறுகினாலோ சிதைந்தாலோ ஓடும் வண்டியின் சக்கரமே கழன்றுவிடக்கூடும். உள்ளே இருப்பவர்கள் நம் மனைவி மக்கள். ஆகவே ஊர் செல்வோர் இச்சோதனைகளைப் புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். உதிரிபாகம் வாங்கவும், மாற்றியபின் ஓட்டிப் பார்க்கவும் அவ்வளவு அவகாசம் தேவைப்படும்.