பொம்மிடியில் இறங்கி வாணியாறு அணைக்கு எப்படிப் போவது? ஷேர் ஆட்டோவும் ஒரு சட்டப் பிரிவும்

சேலம் – ஜோலார்பேட்டை ரயிலில் வந்து பொம்மிடியில் இறங்குகிறீர்கள். சொந்த வண்டி இல்லை. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம், சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் வாணியாறு அணையைப் பார்க்கணும். ஒன்று, பஸ் வரும்வரை காத்திருக்கணும். இல்லையென்றால் முழு ஆட்டோ பேசணும். முன்பின் தெரியாத நாலு பேர் ஒரே ஆட்டோவில் ஏறி, ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்தால்? செலவு குறையும். ஆனால் வழிநெடுக ஆள் ஏற்றி இறக்கினால் சட்டப்படி தப்பு.

ஏன்? 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஆட்டோ, வேன் எல்லாம் ‘ஒப்பந்த ஊர்தி’. பொதுவாக வண்டியை முழுசாக வாடகைக்கு விடுவதுதான் இந்த வகை. வழியில் ஆட்களை ஏற்றி இறக்கி ஓட்டுவது பஸ் பெர்மிட்டுக்கு உரியது. அபராதத்தோடு முடிகிற விஷயமும் இல்லை இது. விபத்து நடந்தால், ‘பெர்மிட்டை மீறி ஓட்டினார்கள்’ என்று காப்பீட்டு நிறுவனம் வாதாட 150-வது பிரிவு இடம் தருகிறது. கோர்ட்டுக்கு அலைவது காயம்பட்டவர் குடும்பம்.

மினி பஸ் விடலாமே என்பீர்கள். 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் வழித்தட நீளம் 25 கி.மீ. வரை போகலாம், ஆனால் அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத பாதையாக இருக்கணும். பொம்மிடி – பாப்பிரெட்டிப்பட்டி சாலையில்தான் ஏற்கெனவே பஸ் ஓடுகிறதே! அணைக்கான தடம் இந்தக் கணக்கில் தேறுவது கஷ்டம்.

இதற்காக டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. 2019 திருத்தத்தில் வந்த 67(3) பிரிவு, கடைசி மைல் இணைப்புக்கும் கிராமப் போக்குவரத்துக்கும் பெர்மிட் நிபந்தனைகளை மாற்றித் தனித் திட்டம் போட மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதை வைத்து, உள்ளூர் ஆட்டோ, வேன்காரர்களுக்கு இந்தத் தடத்தில் சீட் கணக்கில் ஓட்ட அனுமதி தரலாம். கட்டணப் பலகை, சீட் எண்ணிக்கை, அதற்கேற்ற காப்பீடு, இந்த மூன்றையும் கட்டாயமாக்கினால் போதும்.

‘அரசு பஸ் வருமானம் போயிடும்’ என்ற பயம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் சந்தைக்குப் போகிற அக்கா, காசு கொடுத்து ஷேர் ஆட்டோ ஏறப் போவதில்லை.

எல்லோரும் காரிலேயே வந்தால் என்ன ஆகும் என்பதை ஊட்டியில் பார்த்துவிட்டோம். 2024 மே 7 முதல் இ-பாஸ். பிறகு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று ஹைகோர்ட்டே எண்ணிக்கை வைத்தது. வாணியாறுக்கு அந்தக் கூட்டம் இன்னும் வரவில்லை. சோதனை ஓட்டத்துக்கு இதுதான் தோதான நேரம். முதலில் ஞாயிறு, பண்டிகை நாட்களில் மட்டும், பொம்மிடியில் ரயில் நிற்கும் நேரத்தை ஒட்டி ஓட்டிப் பார்க்கலாம்.