காற்றும் கானமும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கண்டக்குழி வீடுகளுக்குள்ளும் தென்னோலைச் சலசலப்பு ஓய்வதில்லை. அப்போது வீணையிசை கேட்க விழையும் நாம், ஒலியைக் கூட்டிவிடுகிறோம். கேடு செவிக்கே! 80 டெசிபல் ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலாயின் 4 மணி நேரமே என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆதலின், பின்புறம் மூடிய ஹெட்போனே இங்கு ஏற்றது. அது வெளியோசையைத் தடுப்பதால், மெல்லிய ஒலியிலேயே கமகங்களின் நுட்பம் புலப்படும்.

வாங்குமுன் அரைமணி நேரமேனும் அணிந்து பார்த்தல் வேண்டும். மெத்தை செவிமடலை அழுத்தாது, முழுதும் சூழ்ந்திருத்தல் நன்று. மூக்குக்கண்ணாடி அணிவோர் அதைக் கழற்றாமலே சோதித்தல் வேண்டும். கண்ணாடிக் காம்பு இடைவெளி உண்டாக்கினால் ஓசை உட்புகும். தம்புராச் சுருதி தெளிவாய்க் கேட்கிறதா எனவும் நோக்குவோமாக.

இன்று கேட்கும் இசையை நாளையும் கேட்கச் செவி வேண்டுமன்றோ?