செடிக்கும் உண்டு பயணக் களைப்பு!

என்.எஸ்.எஸ். கேம்ப்ல மரக்கன்று நட்டிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? எண்ணூர், திருவொற்றியூர் பக்கம்னா ஒரு தடவையாவது நட்டிருப்பீங்க. குழி, தண்ணி, போட்டோ எல்லாம் ஓகே. ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா குச்சிதான் நிக்கும். உடனே ஆட்டைத் திட்டுவோம், தண்ணி ஊத்தாத ஜூனியரைத் திட்டுவோம். ஆனா பல நேரம் அந்தச் செடி வர்ற வழியிலேயே பாதி செத்திருக்கும். அதான் மேட்டர்!

கனடாவுல பல ஸ்டூடன்ட்ஸுக்கு சம்மர் லீவு வேலையே, மரம் வெட்டின காட்டுல ஸ்ப்ரூஸ், பைன் கன்றுகளை நடுறதுதான். கன்றுக்கு இவ்வளவு சென்ட்னு கூலி. அந்தக் கன்றுகள் குளிர்காலம் முழுக்க பெட்டிக்குள்ள மைனஸ் 2 டிகிரியில தூங்கும். அப்புறம், நம்ம துறைமுகத்துக்கு இறால் ஏத்திட்டுப் போற ரீஃபர் கன்டெய்னர் மாதிரி குளிர் வண்டியில பயணம். காட்டுல இறக்கினதும் வெள்ளி நிறத் தார்ப்பாய் நிழல். பெட்டியைத் தொப்புனு போட்டா அதுக்கும் திட்டு விழும்!

நம்ம ஊர்ச் செடிக்கு அந்தக் குளிர் ஆகாது. ஆனா லாஜிக் ஒண்ணுதான்: வேர் காயக்கூடாது. நம்ம சவுக்கையே எடுத்துக்குங்க. பார்க்க பைன் மாதிரி இருந்தாலும் அது பூக்கிற மர ஜாதி. நாத்தங்கால்ல பிடுங்கி, மண்ணில்லாத வெறும் வேரோட கட்டுக் கட்டா அனுப்புறதும் உண்டு. அந்த மெல்லிய வேர் வெயில்ல காய்ஞ்சுட்டா, அப்புறம் குடம் குடமா ஊத்தியும் பிரயோஜனம் இல்லை. அதனாலதான் வேரைச் சேத்துக் குழம்புல முக்கி, ஈரச் சாக்குல சுத்தறது.

அடுத்த கேம்ப்புக்கு பாலிதீன் பையில கன்று வருதா? ஏத்தறதுக்கு முன்னாடியே தண்ணி விடுங்க. திறந்த குட்டியானையில வந்தா கடல் காத்தே இலையைக் காய வெச்சிடும், தார்ப்பாய் போடுங்க. வண்டி நின்னதும் உடனே திறந்துடுங்க, இல்லேன்னா உள்ளேயே வெந்துடும். தண்டைப் பிடிச்சுத் தூக்காம, பையின் அடியைத் தாங்குங்க. நாள் கணக்கா தண்ணியில முக்கியும் வைக்காதீங்க. வேரும் மூச்சு விடணும்.

முக்கியமா, சீஃப் கெஸ்ட் லேட்டா வரலாம். அதுவரைக்கும் செடியை வெயில்ல நிக்க வைக்காதீங்க. அவருக்குப் போட்ட ஷாமியானாவுல அதுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்க.

கன்டெய்னர் லாரிப் புகைக்கும் ஆலைத் தூசிக்கும் நடுவுல வடசென்னையில ஒரு மரம் பிழைக்கிறது பெரிய விஷயம். 'இன்னிக்கு எத்தனை நட்டோம்?'னு எண்ணினது போதும். ஆறு மாசம் கழிச்சுப் போய், எத்தனை நிக்குதுன்னு எண்ணுங்க!