அண்ணாமலைக்கு வேண்டும் ஒரு தாவர வரைபடம்

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக இறங்கியது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அடுத்த பன்னிரண்டாம் நாள் நடந்த மகா தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. வல்லுநர்கள் வந்தார்கள், மண்ணையும் பாறையையும் ஆராய்ந்தார்கள். அந்தத் துயரம் நம் முன் வைத்த கேள்விகளில் ஒன்று மலையின் மேல்தோலைப் பற்றியது. எந்தச் சரிவில் மரம் வேர்பிடித்து நிற்கிறது, எங்கே புல் மட்டும் இருக்கிறது, எங்கே அதுவும் இல்லை? இதற்கு விடை சொல்லும் வரைபடம் ஆண்டுதோறும் தயாராகி மக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

மொட்டையாகிப் போயிருந்த அண்ணாமலையில் 1980களின் இறுதியிலிருந்து மரம் வளர்க்கும் பணி நடந்துவருகிறது. வனத்துறையும் தொண்டு அமைப்புகளும் மலையேறி நட்ட கன்றுகள் பல சரிவுகளில் இன்று நிழல் தரும் மரங்கள். ஆனால் கோடை வந்தால் ஆள் உயரத்துக்கு வளர்ந்த எலுமிச்சைப் புல் காய்ந்து சருகாகிவிடுகிறது. ஒரு தீப்பொறி போதும், பல ஆண்டு உழைப்பு ஓர் இரவில் கருகும். பச்சிலைக் கொத்தால் அடித்துத் தீயணைக்க ஓடும் இளைஞர்களுக்கு எந்த ஓடையோரம் புல் மண்டிக் கிடக்கிறது என்பது தெரியும். அவர்கள் மனத்தில் இருக்கும் அந்த அறிவு எல்லோருக்கும் பொதுவான ஆவணமாக வேண்டும்.

அதற்கான கருவி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் பூமியைப் படமெடுத்துவருகின்றன. அவற்றின் படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட் நிலம். ஒரே இடத்துக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை புதிய படம் கிடைக்கும், விலை ஏதுமில்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை 1972-இல் தொடங்கியது, அதன் பழைய படங்களும் இலவசம். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குப் படாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. இந்த வேறுபாட்டை அளந்தால் எங்கே எவ்வளவு பசுமை என்பது தெரிந்துவிடும்.

ஆனால் பசுமை என்பது வேறு, காடு என்பது வேறு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் எடுத்த படத்தில் மலை முழுக்கப் பச்சை. ஏப்ரல், மே மாதப் படத்தில் புல் வெளிறி, பாறை தெரிந்து, ஓடைக்கரைகளும் வேர் ஊன்றிய மரத் தொகுதிகளும் மட்டுமே பச்சையாக நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் புல்லும் மரமும் பிரியும். அதிலும் ஓர் ஏமாற்று உண்டு. ஏரிகளில் மண்டியிருக்கும் சீமைக்கருவேலமும் கோடையில் பச்சையாகவே இருக்கும். மேலிருந்து பார்த்து எல்லாம் நல்ல மரம் என்று கணக்கெழுதிவிடக்கூடாது. இறங்கிப் போய்ப் பார்த்தே ஆகவேண்டும்.

இந்தப் பாடத்தை வடதுருவத்தை ஒட்டிய குளிர் நிலங்களில் ஆய்வாளர்கள் ஏற்கெனவே கற்றிருக்கிறார்கள். அங்கே பசுமை கூடிவருவதாகச் செயற்கைக்கோள்கள் காட்டின. கூடியது புல்லா, புதரா? வடக்கு அலாஸ்காவில் 1940களின் இறுதியில் விமானத்திலிருந்து எடுத்த படங்களை, அரை நூற்றாண்டு கழித்து அதே இடங்களில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டார்கள். ஆல்டர், வில்லோ புதர்கள் அடர்ந்து பரவியிருந்தது 2001-இல் உலகுக்குத் தெரிந்தது.

தேசியக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்பார்கள். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பு. மரம் எந்த இனம், நிலம் யாருடையது என்ற கேள்வி அதில் இல்லை. தைலமரத் தோப்பும் சேர்த்தி. நாடு முழுவதற்கும் அந்தக் கணக்கு பயன்படும், ஒரு மலையை ஆள உதவாது. பழனி மலையில் நாற்பதாண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள், புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதை 2018-இல் காட்டினார்கள். மரம் கூடியதையே வெற்றியாக எண்ணியிருந்தால் அந்த இழப்பு கண்ணில் பட்டிருக்காது. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வன, மரப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த முனைகிறது. இந்த நேரத்தில், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை விட ஐந்தாவது கோடையைத் தாண்டி நிற்கும் மரங்களே அளவுகோலாக வேண்டும்.

குறைகளும் உண்டு. செயற்கைக்கோள் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கும்போது மலையின் மேற்குச் சரிவுகள் நிழலில் இருக்கும். அந்த இருட்டைத் திருத்தாமல் கணக்கிட்டால் பிழை வரும். மழைக்காலத்தில் மேகம் மறைக்கும். பெருமழையில் உருளும் பாறையை மரத்தின் வேர் எப்போதும் தடுத்துவிடாது என்பதும் உண்மை. ஆயினும் தாவர வரைபடத்தோடு சரிவின் செங்குத்தையும் ஓடைகளையும் அடிவார வீடுகளையும் பொருத்திப் பார்த்தால், எந்தத் தெருவுக்கு முதலில் எச்சரிக்கை வேண்டும், எங்கே தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும், எங்கே கன்று நட வேண்டும் என்று முடிவெடுக்க முடியும்.

மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் இந்தப் பணியை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு படங்கள், களத்தில் சரிபார்க்க உள்ளூர் கல்லூரி மாணவர்கள், மலையறிந்த தீயணைப்புத் தொண்டர்கள், ஆடு மேய்ப்பவர்கள். முடிவு தமிழில், வார்டு வாரியாக. கார்த்திகை தீபத்துக்கு முன் அது வெளியாகட்டும். பதினான்கு கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வரும் லட்சக்கணக்கானோருக்கு அதன் மேல் என்ன வளர்கிறது, என்ன அழிகிறது என்று அறியும் உரிமை உண்டு. அதை அவர்களுக்குக் காட்டுவது அரசின் கடமை.