பெருஞ் சில்லும் நடுங்கும் சுக்கானும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் நம் முன்னோர். தேருக்கு அச்சாணி எத்துணை இன்றியமையாததோ, மோட்டார் வண்டிக்குச் சுக்கானைச் சார்ந்த சிறு உறுப்புகளும் அத்துணை இன்றியமையாதன. அவற்றுள் ஒன்றைப் பற்றி இவ்வாரம் கூறுவோம். வண்டியோட்டுபவர் மட்டுமன்றி, அவரை நம்பி அருகில் அமர்பவரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

நம் குடாநாட்டிலே பிக்கப் வண்டி வைத்திருப்போர் பலர். மணற்காடு, மருதங்கேணிப் பக்கத்து மணற்றடங்களிலே சில்லுப் புதையாதிருக்க வேண்டும் என்று கருதியோ, தோற்றப் பொலிவை விரும்பியோ, அவருட் சிலர் பெரிய ரயர்களைப் பூட்டுகின்றனர். பின்னர்த் தார் வீதியில் வேகங் கூடும்போது சுக்கான் கையில் நடுங்குகின்றது. “ஒரு ஸ்ரியறிங் டம்பர் போட்டால் எல்லாஞ் சரிவரும்” என்று நண்பர் கூறுவர். இது பாதி உண்மை; மற்றப் பாதியை அறியாமல் வாங்குவது ஆபத்து.

இந்நடுக்கம் புதிதன்று. 1923 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே காற்றழுத்தங் குறைந்த, பருத்த ரயர்கள் விற்பனைக்கு வந்தபோது, முன்சில்லுகள் துடிக்குந் தொல்லை பெரிதாகப் பேசப்பட்டது. 1934 இல் அந்நாட்டுக் கார்கள் பலவற்றில் முன்சில்லுகள் தனித்தனியே அசையும் அமைப்பு இடம்பெற்றமைக்கு இத்தொல்லையும் ஒரு காரணமாயிற்று.

காரணம் எளிது. ரயர் பெரிதானால் பாரமுங் கூடும். அப்பாரம் அச்சிலிருந்து தொலைவிற் சுழலும். றிம் வெளியே தள்ளி நின்றால் குழியில் விழும் ஒவ்வோர் அடியும் நெம்புகோல் போலச் சுக்கானைத் திருகும்.

டம்பர் என்பது எண்ணெய் நிறைந்த ஒரு குழாயும் தண்டுமாகும். கிணற்று நீரிலே கையை மெல்ல அசைத்தால் தடையில்லை. விரைந்து வீசினால் நீர் எதிர்த்து நிற்கும். அதுபோலவே டம்பர் மெதுவான திருப்பத்துக்கு இடங்கொடுத்து, திடீர் உதைப்பைத் தணிக்கின்றது. அதன் தொழில் அவ்வளவே. தேய்ந்த உறுப்பை அது புதிதாக்காது; தேய்வை மறைத்துவிடும். காய்ச்சலின் காரணத்தை ஆராயாமல் குளிசை விழுங்குவது போன்றதே அது.

ஆகவே, வாங்குமுன் ரயரின் காற்றழுத்தம், சில்லின் சமநிலை, அலைன்மென்ற் ஆகியவற்றைப் பார்ப்பியுங்கள். முன்பக்கத்தை ஜக்கினால் உயர்த்திச் சில்லை மேலுங் கீழும் பிடித்து அசைத்தால் ஆடுகிறதா? பெயாரிங்கையோ போல் ஜொயின்றையோ ஐயுறலாம். இருபக்கமும் பிடித்து அசைத்தால் ஆடுகிறதா? டை ரொட் முனைகளைப் பாருங்கள். 1990களில் பெற்றோல் கிடைக்காதிருந்தபோது பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் நம்மவருடையவை. அத்தகைய கைகளுக்கு இச்சோதனை அரிதன்று.

இவையெல்லாம் செவ்வையாக இருந்தும் உதைப்பு மிகுந்தால் டம்பர் பயன்படும். தெரிவு செய்கையில் நான்கு செய்திகளை நினைவில் வைத்தல் வேண்டும்.

முதலாவது, வண்டியின் வகை. சுக்கான் பெட்டியும் நீண்ட டை ரொட்டும் உள்ள வண்டிக்கே இது இயல்பாகப் பொருந்தும். றாக் அமைப்புள்ள வண்டியில் இடமுண்டாக்கி ஒட்டவைக்க முயலாதீர்.

இரண்டாவது, நீளம். சில்லை இருபுறமும் முற்றாகத் திருப்பி அளவெடுங்கள். தண்டின் ஓட்டம் அதனிலுங் கூடுதலாக இருத்தல் வேண்டும். சில்லு நேராக நிற்கையில் தண்டு நடுவில் நிற்றல் வேண்டும். நீளம் போதாவிடின், திருப்பத்தின் முடிவில் டம்பரே தடையாகி வளைந்துவிடும்.

மூன்றாவது, உள்ளடக்கம். அழுத்தமேற்றிய வாயு உள்ள டம்பர் தண்டை எப்போதும் வெளியே தள்ளும். ஒன்றை மட்டும் பூட்டினால் வண்டி ஒருபக்கம் இழுக்கலாம். வாயு அழுத்தமில்லாத எண்ணெய் டம்பருக்கு அக்குறை இல்லை.

நான்காவது, இறுக்கம். மிக இறுக்கமானது நல்லதென்று எண்ணற்க. திருப்பத்தின் பின் சுக்கான் தானே நேராகத் திரும்புந் தன்மை குன்றும். வீதியின் உணர்வுங் கைக்கு எட்டாது.

பூட்டிய பின் பிறேக் குழாயில் எதுவும் உரசாதா என்று பார்க்க. கடற்காற்று நம் ஊரிற் தண்டைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவையும் எண்ணெய்க் கசிவையும் அடிக்கடி நோக்குக. இன்னொன்று: 31 அங்குல ரயருக்குப் பதில் 33 அங்குலம் பூட்டினால், வேகமானி 60 கிலோமீற்றர் காட்டும்போது வண்டி ஏறக்குறைய 64 இல் ஓடும்.

செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. டம்பரைக் கழற்றிவிட்டு, வாகன நெரிசலற்ற வீதியிலே தாழ்ந்த வேகத்திற் செலுத்திப் பாருங்கள். வண்டி நேராகவும் அடக்கமாகவும் ஓடினால், டம்பர் உங்களுக்குத் துணை. ஓடாவிடின், அது ஒரு திரை. பண்ணைப் பாலத்திலே பிள்ளைகளை ஏற்றிச் செல்லுந் தகப்பனுக்கு வேண்டுவது துணையேயன்றித் திரையன்று.