இருதய வால்வு மாற்றமும் நோயாளியின் தெரிவும்

இருதய வால்வு பழுதடைந்துவிட்டது, அதனை மாற்ற வேண்டும் என்று வைத்தியர் கூறுமிடத்து நோயாளியின் குடும்பத்தினர் முதலில் கேட்பது, சத்திரசிகிச்சை எப்போது, எங்கே, எவ்வளவு செலவாகும் என்பதையே. எந்த வால்வைப் பொருத்தப் போகின்றீர்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எனினும், அடுத்துவரும் இருபது, முப்பது ஆண்டுகளை நோயாளி எவ்வாறு வாழப்போகின்றார் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மாலையில் சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும் வேளையில் அவசரமாகப் பேசி முடிக்கக்கூடிய விடயமல்ல இது.

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அல்பேர்ட் ஸ்டார் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் லோவெல் எட்வேர்ட்ஸ் என்ற பொறியியலாளரும் கூண்டுக்குள் பந்து அசையும் செயற்கை வால்வை மனித இருதயத்தில் பொருத்தி வெற்றிகண்டனர். இன்றைய இயந்திர வால்வுகள் காபனாலான இரு தகடுகளைக் கொண்டவை. அவை எளிதில் தேய்வதில்லை. ஆனால் அவற்றின் மீது குருதி உறையும் அபாயம் உள்ளதால் நோயாளி ஆயுள் முழுவதும் வோபரின் மாத்திரை எடுக்க வேண்டும். அளவு குறைந்தால் குருதிக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் ஏற்படலாம். கூடினால் குருதிப்பெருக்கு ஏற்படலாம். எனவே ஐ.என்.ஆர். எனப்படும் குருதிச் சோதனையைக் காலந்தவறாமல் செய்து மாத்திரையின் அளவைச் சரிசெய்ய வேண்டும். முருங்கையிலை, வல்லாரை போன்ற கீரை வகைகளை ஒரு வாரம் நிறைய உண்டு மறுவாரம் அறவே விட்டாலும் இந்த அளவு தடுமாறும். கடையில் வாங்கும் வலிநிவாரணி மாத்திரைகளும் ஆபத்தானவை. இந்தத் தொல்லையில்லாத புதிய மாத்திரைகள் இருக்கின்றனவே என்று கேட்போர் உளர். அவற்றுள் ஒன்றான டபிகட்ரானை இயந்திர வால்வு பொருத்தியோரிடத்தில் பரிசோதித்த ஆய்வு, குருதிக்கட்டிகளும் குருதிப்பெருக்கும் அதிகரித்ததால் இடைநிறுத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2013இல் வெளியாகின.

மாட்டின் இருதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ தயாரிக்கப்படும் இழைய வால்வுகளுக்கு, வேறு காரணமில்லாதவிடத்து, ஆயுள் முழுவதும் வோபரின் தேவையில்லை. ஆனால் அவை காலப்போக்கில் சுண்ணாம்பு படிந்து பழுதடைகின்றன. முதியோரிடத்தில் பதினைந்து ஆண்டுகள் வரையிலும் அதற்கு மேலும் நிலைக்கக்கூடிய வால்வு, இளையோரிடத்தில் விரைவாகவே தளர்ந்து மறு சத்திரசிகிச்சையை வேண்டிநிற்கும். பல சமய மக்கள் வாழும் எமது நாட்டில், வால்வு எந்த விலங்கிலிருந்து பெறப்பட்டது என்பதையும் முன்கூட்டியே நோயாளிக்குக் கூறுவது அவசியம். உயிர்காக்கும் தேவையில் இதற்கு இடமுண்டு என்பது இஸ்லாமிய மார்க்க அறிஞர் பலரின் கருத்தாயினும், அதனைச் சிந்தித்து முடிவெடுக்க வேண்டியவர் நோயாளியே.

பெருநாடி வால்வைப் பொறுத்தவரை, 50 வயதுக்குக் குறைந்தோருக்கு இயந்திர வால்வையும் 65 வயதைத் தாண்டியோருக்கு இழைய வால்வையும் 2020ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல்கள் பொதுவாகப் பரிந்துரைக்கின்றன. ஆனால் இவை கிரமமான சோதனை வசதி இருப்பதாக எண்ணி எழுதப்பட்டவை என்பதே எமது கணிப்பு. கொழும்பில் வாழும் நாற்பது வயது நோயாளிக்குப் பொருந்தும் தெரிவு, முல்லைத்தீவில் கூலித்தொழில் செய்யும் அதே வயது நோயாளிக்கும் பொருந்துமா? ஒவ்வொரு சோதனைக்கும் ஒருநாள் சம்பளத்தை இழந்து பஸ்ஸில் நெடுந்தூரம் செல்ல வேண்டியவர், சில தடவைகளின் பின்னர் செல்லாமல் விட்டுவிடுவார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் போது மருந்துகள் தட்டுப்பாடாகிச் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நாம் கண்டோம். ஒருநாளும் தவறவிடக்கூடாத மாத்திரையை நம்பியிருப்பவருக்கு அது எத்தகைய காலமாக இருந்திருக்கும்!

இளம் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. சிறுவயதில் ஏற்பட்ட வாதக் காய்ச்சலால் இருகூர் வால்வு பாதிக்கப்பட்டவர்களுள் பெண்களே அதிகம். கருத்தரித்த முதல் மூன்று மாதங்களில் வோபரின் சிசுவின் உடலமைப்பைப் பாதிக்கலாம். அதை நிறுத்தினாலோ தாயின் உயிருக்கு ஆபத்து. இழைய வால்வு பொருத்தினால் இன்னொரு சத்திரசிகிச்சை நிச்சயம். திருமணமாகாத பெண்ணிடம் பிள்ளைப்பேறு பற்றிப் பேசக் கூசுவதும், பெற்றோரிடம் மட்டும் பேசி முடிவெடுப்பதும் எமது சமூகத்தில் வழக்கமாகவுள்ளன. அந்தக் கூச்சத்தின் விலையை அவளே செலுத்துகின்றாள். சுருங்கிய வால்வைப் பலூன் மூலம் விரிக்கவோ, கசியும் வால்வைப் பழுதுபார்க்கவோ முடியுமாயின், சொந்த வால்வைக் காப்பாற்றும் அவ்வழிகளையே முதலில் ஆராய வேண்டும்.

நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாகப் பெருநாடி வால்வைப் பொருத்தும் முறையை 2002இல் பிரான்சில் அலன் கிரிபியே முதன்முறையாகச் செய்தார். முதியோருக்கு அது பெரும் வரப்பிரசாதம். எனினும் அதன் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாதது.

விரல் நுனியில் ஒரு துளி குருதியெடுத்துச் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். அளவைக் காட்டும் சிறு கருவிகள் இன்று உலகெங்கும் பாவனையில் உள்ளன. இருதய சத்திரசிகிச்சைக்கு நிதி ஒதுக்கும் அரசாங்கம், அக்கருவிகளைப் பிரதேச வைத்தியசாலைகள் அனைத்திலும் கிடைக்கச் செய்து, அளவைக் கூட்டிக் குறைக்கப் பயிற்றப்பட்ட தாதியரையும் நியமிக்க வேண்டும். அதுவரையில், இயந்திர வால்வைத் தெரிவுசெய்யுமுன் வைத்தியர்கள் நோயாளியின் வயதோடு அவரது வீட்டிலிருந்து சோதனை நிலையம் எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்பதையும் கேட்டறிய வேண்டும்.