விறகு அறுக்க மின்சார ரம்பம் யாருக்கு ஏற்றது?

மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பம் இப்பொழுது சாதாரணக் கடைகளிலும் கிடைக்கிறது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பகுதிச் சிறு விவசாயி அதை வாங்கலாமா என்பதற்கு, அவர் வீட்டு அடுப்பில் எரிவது எது என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பருத்தி மார், மரவள்ளிக் குச்சி, தென்னை மட்டை ஆகியவை எரியும் வீட்டுக்கு அரிவாளே போதும். எரிவாயு அடுப்பு வந்து, வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் மட்டும் விறகு செலவாகும் வீட்டுக்கும் இது வீண் செலவே. வரப்போரக் கருவேல், வேம்பு, புளி இவற்றின் தடித்த கிளைகளைக் கழித்து ஆண்டு முழுவதற்கும் அடுக்கி வைக்கும் குடும்பங்களுக்கும், மழைக்கு முன்பே விறகு சேர்க்க வேண்டிய கல்வராயன் மலைக் குடும்பங்களுக்கும் நிலைமை வேறு. அவர்களும் வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கி, பராமரிப்பை ஒருவர் பொறுப்பில் விடுவது நலம். பொறுப்பாளர் இல்லாத பொதுக் கருவி ஒரு பருவம் தாங்காது.

காட்டில், கொல்லையில் மரம் சாய்க்க மின்சார ரம்பம் உதவாது; அதற்குப் பெட்ரோல் இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்திக் கொள்ளலாம். வீட்டு வாசலில் கட்டைகளைத் துண்டு போடுவதற்கே மின்சார ரம்பம். 14 அல்லது 16 அங்குல அலகும் 1,800 முதல் 2,000 வாட் மோட்டாரும் உள்ளது போதுமானது. கையகல அலகுடன் பேட்டரியில் ஓடும் சிறு ரம்பங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை கவாத்துக்கு நல்லவை. உலர்ந்த கருவேலங் கட்டையிடம் தோற்றுவிடும். சங்கிலித் தடை இல்லாத ரம்பத்தை எவ்வளவு மலிவானாலும் வாங்கலாகாது. மாற்றுச் சங்கிலி கள்ளக்குறிச்சியிலேயே கிடைக்குமா என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேட்டுக் கொள்ள வேண்டும்.

மின் செலவு பெரிதல்ல. 2,000 வாட் ரம்பம் கால் மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் அரை யூனிட் ஆகும். கவலை மின்னழுத்தத்தைப் பற்றியதே. இந்த ரம்பம் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட சிறிய பிளக்கில் செருகினால் பிளக் கருகும். 15 ஆம்பியர் பிளக் வேண்டும். நீட்டிப்பு ஒயர் 2.5 சதுர மில்லி மீட்டர் செம்புக் கம்பியாக இருக்க வேண்டும். மெல்லிய ஒயரைச் சுருள் பிரிக்காமல் போட்டு அறுப்பவர்கள் ஒயரையும் மோட்டாரையும் சேர்த்தே இழப்பார்கள். மலைக் கிராமங்களில் மாலையில் விளக்கு மங்கி எரியும் நேரத்தில் அறுக்கக் கூடாது. அழுத்தம் குறைந்தால் மோட்டார் சூடேறிப் பழுதாகும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லையெனில் அதை முதலில் பொருத்திவிட்டு, ரம்பத்தைப் பிறகு வாங்கலாம். ஈரத் தரையும் தூறலும் இக்கருவிக்கு ஆகாதவை.

கட்டையைத் தரையில் போட்டு அறுப்பது நம்மவர் பழக்கம். சங்கிலி ஒரு முறை மண்ணைத் தொட்டாலே கூர் போய்விடும். இரண்டு ஜோடிக் கம்புகளைப் பெருக்கல் குறிபோல் குறுக்காகக் கட்டி, அதன்மேல் கட்டையை வைத்து, தாங்கலுக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதியை அறுக்க வேண்டும். இரண்டு தாங்கலுக்கும் நடுவே அறுத்தால் கட்டை தொய்ந்து அலகைக் கவ்விக்கொள்ளும். அலகின் நுனி மேற்பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் கண்ணிமைப்பதற்குள் முகத்தை நோக்கித் துள்ளும். ஆகவே இரு கைகளாலும் பிடித்து, சற்றுப் பக்கவாட்டில் நின்றே அறுக்க வேண்டும். தொங்கும் துண்டு, தளர்ந்த லுங்கி, முந்தானை எதுவும் கிட்டே வரக் கூடாது. வேலியோர மரமாயின் உள்ளே ஆணியோ முள்கம்பியோ புதைந்திருக்கும். அதைப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் சங்கிலி கூராக உள்ளது. மாவு போல் விழுந்தால் நிறுத்தி, அந்தச் சங்கிலிக்குரிய உருண்டை அரத்தால் தீட்ட வேண்டும். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுப்பதாலேயே பல மோட்டார்கள் எரிகின்றன. டிராக்டரிலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சங்கிலிக்கு ஊற்றுவது போலிச் சிக்கனம். அதிலுள்ள இரும்புத் துகள் எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

காப்புக்காட்டில் மரம் வெட்டுவது குற்றம் என்பதும், பட்டா நிலத்துச் சந்தன மரத்துக்கும் வனத்துறை அனுமதி வேண்டும் என்பதும் மலைவாசிகள் அறிந்ததே. கருவி கைக்கு வந்தபின் இது மறந்துவிடக் கூடாது.

விறகைக் காயவிட்டுப் பிறகு அறுப்பது இரட்டைச் சிரமம். கருவேல் காய்ந்தால் கல்லாகிவிடும். பச்சையாக இருக்கும்போதே முக்கால் அடித் துண்டுகளாக்கி, கோடாலியும் ஆப்பும் கொண்டு பிளந்து (ரம்பம் துண்டு போடுமேயன்றிப் பிளக்காது), கூரைக்கடியில் காற்றாட அடுக்க வேண்டும். கோடையில் அறுத்து அடுக்கினால் ஐப்பசி மழைக்கு அடுப்பில் புகையாத விறகு தயாராக இருக்கும்.